பழைய திறன்பேசி திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

"சார், அப்பா தம்முடைய பழைய போனை எனக்குக் கொடுத்தார். அது திறப்பதற்குள் பாதிப் பாட்டே முடிந்துவிடும். கெட்டுப்போய்விட்டதா? புதியது கேட்கலாமா?"

படிவம் மூன்று மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்பாவின் பணம் சம்பந்தப்பட்டது என்பதால், அவசரப்படாமல் ஆராய்வோம்.

போனைத் திறப்பது காலையில் உணவுக்கடையைத் திறப்பது போன்றது. போனில் உள்ள சேமிப்பகம், கடையின் கிடங்கு. மின்சாரம் இல்லாவிட்டாலும் அதிலுள்ள தகவல் அழியாது. ரேம் என்பது சமையல் மேசை. மின்சாரம் நின்றதும் அது காலியாகிவிடும். எனவே, போனை அணைத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தைக் கிடங்கிலிருந்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும், சில்லுக்குள் நிரந்தரமாகப் பதிந்துள்ள சிறிய நிரல் முதலில் ஓடும். அடுத்து வரும் தொடக்க நிரல், இயங்குதளத்தின் கருப்பகுதியைச் சரிபார்த்து ரேமில் ஏற்றும். பிறகு திரை, ஒலி, வலையமைப்புச் சேவைகள் தொடங்கும். கடைசியாகச் செயலிகள் வரும்.

பழைய போன் தாமதிக்க மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கிடங்கின் வாசல். பல பழைய போன்களில் இஎம்எம்சி வகைச் சேமிப்பகம் உள்ளது. அதன் 5.1 தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 400 மெகாபைட். ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. யுஎஃப்எஸ் 3.1 தரத்தின் உச்சமோ ஏறத்தாழ 2,900 மெகாபைட்; படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். நடைமுறை வேகம் இவற்றைவிடக் குறைவுதான். ஆனாலும் வித்தியாசம் பெரிது.

இரண்டாவது, சமையற்காரர். கோப்புகளை விரித்துச் சரிபார்ப்பது மையச் செயலகத்தின் வேலை. பழைய செயலகம் இதை மெதுவாகவே செய்யும்.

மூன்றாவது, நீண்டுபோன உணவுப்பட்டியல். புதுப்பிப்புகளால் இயங்குதளம் பெரும்பாலும் பெரிதாகிறது. திறந்தவுடன் தாமாக ஓடத் தொடங்கும் செயலிகளும் கூடுகின்றன. கடை அதேதான், வேலைதான் அதிகம்.

மின்கலத்தையும் மறக்க வேண்டாம். மின்கலம் தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமலிருக்க, அவற்றின் உச்ச வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அவற்றில் மின்கலத்தை மாற்றினால் வேகம் திரும்பியது.

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். போனை அணைத்து, திறக்கும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். வேண்டாத செயலிகளை நீக்கிவிட்டு மீண்டும் அளந்திடுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? செயலிகளின் எண்ணிக்கை தற்சார்பு மாறி. திறக்கும் நேரம் சார்பு மாறி. அதே போன், அதே மின்னேற்ற அளவு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

அந்த மாணவியிடமும் இதையே சொன்னேன்: "முதலில் அளந்து பார். திறந்த பிறகு பாடத்துக்கும் அழைப்புக்கும் போன் ஒழுங்காக உதவுகிறது என்றால், காலையில் ஒரு நிமிடம் காத்திருப்பதற்காகப் புதிய போன் தேவையில்லை."