50 டன் எஞ்சின், 76 கிராம் மாதிரி

ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் மணிக்கூண்டுடன் நிற்கும் விஸ்மா கஸ்தம் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1907இல் கட்டப்பட்ட அது, இரயில்வேயின் கட்டடம். அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் ஃபெரியில் கடலைக் கடந்து, அக்கரையில் பிறைக்குப் போய்த்தான் இரயில் ஏறினார்கள். தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம்!

தண்டவாளமும் சரக்குப் பெட்டிகளும் பெருநிலத்தில் இருந்தன. வந்து சேரும் பெட்டிகளைப் பிரித்து, வேறு வரிசையில் கோத்துவிடும் வேலைக்கு 'ஷண்டிங்' என்று பெயர். அதற்காக மலாயா இரயில்வே 1948இல் இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் 20 டீசல் எஞ்சின்களை வாங்கியது. ஆறு சக்கரம், 350 குதிரைத்திறன். நெடுந்தூர இரயில்களை இழுக்கும் பெரிய டீசல்கள் 1957இல்தான் வந்தன. டீசல் காலம் முற்றத்து வேலைக்காரனிடமிருந்தே தொடங்கியது.

அப்படியோர் எஞ்சினை மேசை மேல் ஓடும் மாதிரியாகச் செய்வோம். மாதிரி இரயில் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 87இல் ஒரு பங்கு. கணக்குக்காக அசல் எஞ்சின் 9 மீட்டர் நீளம், 50 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை 87ஆல் வகுத்தால் சுமார் 10 சென்டிமீட்டர். எடையையும் 87ஆல் வகுக்கலாமா?

கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 87 மடங்கு சுருங்குகின்றன. ஆகவே எடையை 87 × 87 × 87, அதாவது 6,58,503ஆல் வகுக்க வேண்டும். விடை 76 கிராம்! ஒரு கோழி முட்டையை விடச் சற்றே அதிகம்.

சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வுதான் எஞ்சினை நகர்த்துகிறது. உலர்ந்த எஃகின் மேல் அந்த இழுவிசை, எடையில் ஏறக்குறைய கால் பங்கைத் தாண்டாது. நம் மாதிரிக்கு வெறும் 19 கிராம் இழுவை. அதற்கு மேல் மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

"பெட்டிகளும் அதே விகிதத்தில் இலேசாகுமே, சார்?" நல்ல கேள்விதான். ஆனால் உராய்வுத் தடை அந்த விகிதத்தில் குறைவதில்லை. அசல் பெட்டியை உருட்ட அதன் எடையில் ஆயிரத்தில் சில பங்கு விசை போதும். மாதிரிப் பெட்டியின் எளிய அச்சுகளுக்கும் மேசையின் கூர்மையான வளைவுகளுக்கும் அதைப்போலப் பல மடங்கு தேவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாதிரிக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகவே ஏறுகிறது. இலேசான சக்கரம் சிறு தூசி பட்டாலும் தொடர்பை இழக்கும். ஷண்டிங் எஞ்சினோ ஊர்ந்து செல்வது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் மேசையில் விநாடிக்கு 6 சென்டிமீட்டர்தான். தூசியைத் தாண்டிச் செல்லும் உந்தம் அதற்கு இல்லை, அப்படியே நின்றுவிடும்.

அதனால் தயாரிப்பாளர்கள் எஞ்சினின் உள்ளே கனமான உலோகக் கட்டியை ஒளித்து வைக்கிறார்கள். வெளித்தோற்றம் அசலைப் போல. எடை மட்டும் வேண்டுமென்றே தப்பு!

வீட்டில் பேட்டரி பொம்மைக் கார் இருக்கிறதா? அதன் பின்னால் நூலில் ஒரு புத்தகத்தைக் கட்டி வழவழப்பான தரையில் இழுக்க விடுங்கள். சக்கரம் வழுக்கினால், சுழலும் சக்கரங்களுக்கு நேர் மேலே ஒவ்வொன்றாக 50 சென் நாணயங்களை அடுக்குங்கள். எத்தனையாவது நாணயத்தில் புத்தகம் நகர்கிறது?