வீட்டில் படித்த பிள்ளைக்கு இணையவழிப் பட்டமா, கல்லூரி வகுப்பா?

செஞ்சிப் பக்கமுள்ள வல்லத்தில் வீட்டிலேயே படித்து வளர்ந்த பிள்ளைக்குப் பதினாறு வயதாகிவிட்டால், பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மேல எங்க சேர்க்கப் போறீங்க?" அந்த நெருக்கடியில் பல பெற்றோர் இணையமா, கல்லூரியா என்பதை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய முடிவு. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றைக் கையில் வாங்குங்கள்

2016இல், மும்பையில் பள்ளியை விட்டு வீட்டிலேயே படித்த ஒரு மாணவி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னாட்டு நிரலாக்க ஒலிம்பியாட்டில் மூன்று பதக்கங்கள் வென்றவர் அவர். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.களில் அவருக்கு இடமில்லை. இந்தியாவில் அவரை ஏற்றுக்கொண்டது சென்னைக் கணிதவியல் நிறுவனம். அவ்வளவு திறமைக்கே அந்த நிலை என்றால், நம் பிள்ளைக்குச் சான்று இல்லாமல் ஆகாது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவது. மற்றது, தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். இதில் பத்தாம் வகுப்புக்கு 14 வயதும் பன்னிரண்டுக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். கல்லூரியில் கேட்கும் டி.சி.க்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். இடப்பெயர்வுச் சான்றையும் மாற்றுச் சான்றையும் (டி.சி.) சேர்த்து என்.ஐ.ஓ.எஸ். ஒரே சான்றாகக் கொடுக்கிறது.

அரசு வேலை மனதில் இருந்தால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்தும் பன்னிரண்டும் தேறிய பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டத்தை மட்டுமே வேலைக்கு ஏற்பது என்று தமிழ்நாடு அரசு 2009இல் ஆணையிட்டது. ஆகவே, பள்ளிச் சான்றைத் தாண்டி நேராகப் பட்டத்துக்குப் போகும் குறுக்குவழி வேண்டாம்.

2. முதலில் பாடம், பிறகு வழி

மருத்துவம், பொறியியல், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை ஆகியவற்றைத் தொலைநிலையிலோ இணையத்திலோ பட்டமாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிப்பதில்லை. பிள்ளையின் விருப்பம் இவற்றில் ஒன்றென்றால் கல்லூரி வாசல்தான். வேதியியல், இயற்பியல் போல ஆய்வகம் கேட்கும் பாடங்களுக்கும் கல்லூரியே நல்லது. வணிகவியல், தமிழ், வரலாறு, பொருளியல், கணினிப் பயன்பாடு, தரவு அறிவியல் என்றால்தான் இரண்டு வழியையும் எடை போட வேண்டியிருக்கும்.

3. ஒப்புதலை நீங்களே பாருங்கள்

யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒப்புதல் பெற்ற இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் நேர்முகப் பட்டத்துக்குச் சமம். ஒப்புதல் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது; அந்தப் படிப்புக்கும் அந்தக் கல்வியாண்டுக்கும் இருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. முகவர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இக்னோ, சென்னையிலுள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றிலிருந்து தேடத் தொடங்கலாம்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பைப் பார்க்கட்டும். அதற்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் கிடைக்கும். பாடம் வீட்டுக்கு வரும், ஆனால் தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும்.

4. செலவை ஒரே தாளில் எழுதுங்கள்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களில் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு. மகளென்றால் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பயணமும் இலவசம். இணையவழிக்குக் கட்டணத்தோடு மடிக்கணினி, நெட் கட்டணம், தேர்வு மையப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் இழப்பையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும், மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீடும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை மனதில் வைத்து வந்தவை. வீட்டில் படித்த பிள்ளை அவற்றை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

5. இரண்டையும் ஒத்திகை பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இந்திய அரசின் 'ஸ்வயம்' இணையவழிப் பாடத் தளத்தில் எட்டு வாரப் பாடம் ஒன்றில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். சேர்வதற்குக் கட்டணமில்லை, தேர்வு எழுதினால் மட்டும் பணம். எட்டு வாரமும் "படிச்சியா?" என்று நீங்கள் கேட்காமலிருக்க வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளைக் கெடு தேதிக்குள் தானாகவே முடிக்கிறதா, கரண்ட் போனபோதும் சிக்னல் விழுந்தபோதும் என்ன செய்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

அடுத்து ஒரு வாரம், கல்லூரி நேரத்துக்கு வல்லத்திலிருந்து பேருந்து ஏறச் சொல்லுங்கள். கல்லூரி இருக்கும் ஊரின் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு மாலையில் திரும்பட்டும். ஒரு நாள் கல்லூரி அலுவலகத்தில் அனுமதி கேட்டு வளாகத்தையும் மாணவர்களையும் பார்த்து வரட்டும். வீடு திரும்பும்போது களைப்பு தெரிகிறதா, பேசுவதற்குக் கதை இருக்கிறதா என்று கவனியுங்கள். ஐந்தாறு ஆண்டு வீட்டிலேயே படித்த பிள்ளைக்குச் சில சமயம் பாடத்தைவிடச் சக வயதுத் தோழமைதான் பெரிய தேவையாக இருக்கும். அதைக் கேட்கப் பிள்ளைக்குக் கூச்சம். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

6. இரண்டும் சேருமா என்று பாருங்கள்

ஒரு பட்டத்தை நேர்முகமாகவும் இன்னொன்றைத் தொலைநிலையிலோ இணையத்திலோ ஒரே சமயத்தில் படிக்க யு.ஜி.சி. 2022இல் வழிவிட்டது. திண்டிவனத்தில் பி.காம். படித்தபடியே இரவில் தரவு அறிவியலும் படிக்கலாம். மூலச் சான்றிதழ்களை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் இரண்டு அலுவலகங்களிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாண்டு இரண்டும் பாரமாகத் தெரிந்தால், ஒன்றில் கால் ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கலாம்.

இந்த ஆறும் முடிந்ததும் செலவுத் தாளையும் ஒத்திகை நோட்டையும் பிள்ளையின் முன் வைத்துவிடுங்கள். என்ன படிப்பது, எப்போது படிப்பது என்று இத்தனை ஆண்டு தானே தீர்மானித்துப் பழகிய பிள்ளை அது. எங்கே படிப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கட்டும்.