கீழ்பென்னாத்தூர் வெண்டை இலையில் ஒரு பச்சை ஈ: அது புதிய இனமா?

கேள்வி: எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர். மல்லாட்டைக் கொல்லையை ஒட்டிக் கிணற்றுமேட்டில் கொஞ்சம் வெண்டையும் கத்திரியும் போட்டிருக்கிறோம். மழை விட்ட பிறகு வெண்டை இலைமேல் ஒரு சின்ன ஈ வந்து உட்காருகிறது. நல்ல பச்சை, வெயில் சாய்ந்து பட்டால் செம்பு போல மின்னுகிறது. உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள், இறக்கையில் கறுப்புப் பட்டை. என்னிடம் உள்ள பூச்சிப் புத்தகங்களில் இதன் படம் இல்லை. விலங்கியல் படிக்கும் என் மகள், "இது புது இனமாக இருக்கலாம், நாமே பெயர் வைக்கலாம்" என்கிறாள். இரண்டு படங்கள் அனுப்பியுள்ளேன். இது புதிய இனமா? அதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? ஊர் பெயரையோ மகள் பெயரையோ வைக்க முடியுமா? பயிருக்கு இதனால் கெடுதல் உண்டா?
- ஒரு வாசகி, கீழ்பென்னாத்தூர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் யாராவது மருந்து அடித்துவிடக் கூடாது. இந்த ஈ உங்கள் பயிரைத் தொடாது. அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் மாதிரி மெல்லுடல் கொண்ட சின்னஞ்சிறு பூச்சிகளைப் பிடித்துச் சாறு உறிஞ்சும் வேட்டைக்கார ஈ இது. உங்கள் வெண்டை இலைமேல் அது சும்மா உட்காரவில்லை, இரை தேடி ஓடுகிறது. சாக்கடையிலும் இறைச்சிக் கடையிலும் மொய்க்கும் பச்சை ஈயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தடித்த உடம்புள்ள வேறு குடும்பம். இது சோற்றுப் பாத்திரத்தின் பக்கமே வராது.

இதன் குடும்பத்துக்கு டோலிகோபோடிடே என்று பெயர். தமிழில் நீள்கால் ஈக்கள் எனலாம். உலகம் முழுவதும் 7,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. உங்கள் இரண்டாவது படத்தில் இறக்கை நன்றாக விழுந்திருக்கிறது. நடு நரம்பு நுனியை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மேல்நோக்கி வளைவது தெரிகிறது. அந்தக் கவட்டையை வைத்து இது சயாபோடினே என்ற துணைக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். தோட்டங்களில் இலைமேல் மின்னும் நீள்கால் ஈக்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். படத்தை வைத்து இதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல வழியில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். இந்தக் குடும்பத்தில் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிப்பது நிறமோ பட்டையோ அல்ல. ஒரே பச்சை, ஒரே பட்டை பல இனங்களுக்கு உண்டு. பெண் ஈக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வல்லுநர்களே திணறுவார்கள். அடையாளம் எல்லாம் ஆணிடம் இருக்கிறது. ஆண், பெண்ணின் முன்னால் நின்று காலை ஆட்டிக் காட்டும், இறக்கையை விரித்து அசைக்கும். அதற்காகவே சில இனங்களில் முன்காலின் கடைசிக் கணுக்கள் கறுப்பாகத் தட்டையாகி விசிறி போல இருக்கும். சிலவற்றில் வெள்ளிப் பூச்சு, சிலவற்றில் உணர்கொம்பு உடம்பளவுக்கு நீண்டிருக்கும். எந்தப் பெண் எதை விரும்பித் தேர்ந்தது என்ற நெடுங்கால வரலாறு ஆணின் காலில் எழுதப்பட்டிருக்கிறது.

அதைவிடத் தீர்ப்பானது வயிற்றின் நுனி. ஆணின் இனப்பெருக்க உறுப்பு பெரியது. வயிற்றுக்கு அடியில் முன்பக்கமாக மடிந்து கிடக்கும். ஓர் இனத்தை விவரிக்க உட்காருபவர் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் அந்த நுனியைப் பிரித்தெடுப்பார். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் சிறிது நேரம் வைத்தால் சதை கரைந்து கைட்டின் ஓடு மட்டும் தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். கழுவி, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைவார்கள். கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது, நுனி மயிர் ஒற்றையா கொத்தா என்பது வரை கோடு கோடாக வரும். பூச்சியியலில் இவ்வளவு பொறுமை கேட்கும் வேலை அதிகம் இல்லை. ஒரு நல்ல வரைபடம் நூறு வண்ணப் புகைப்படங்களுக்கு மேல் என்பது என் கருத்து. வரைந்து முடிந்ததும் அந்த நுனியைப் பொடிக் குப்பியில் கிளிசரினோடு அடைத்து, அதே ஈ குத்தப்பட்ட ஊசியிலேயே மாட்டிவிடுவார்கள். எந்த ஈயின் உறுப்பு என்பதில் பின்னால் குழப்பம் வரவே கூடாது.

இனி, அது 'புதியது' என்று எப்படித் தெரியும்? பழையவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான். விலங்குப் பெயர்களுக்கான கணக்கு லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. நம் பக்கத்து ஈக்களில் பல வெகு காலத்துக்கு முன்பே பெயர் பெற்றவை. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் அங்கே இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி பிடித்தனுப்பிய பூச்சிகளைக் கொண்டு டென்மார்க்கின் ஃபப்ரீசியுஸ் எழுதிய லத்தீன் நூல்களில் தரங்கம்பாடி என்ற ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஈக்களுக்கென்றே அவர் எழுதிய நூல் 1805-இல் வந்தது. அவருக்குப் பின் வீடெமான் 1824-இல் பெயரிட்ட கிரைசோசோமா லூகோபோகான் என்ற நீள்கால் ஈ, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிக் கிடக்கிறது. 1922-இல் பெக்கர் என்ற ஜெர்மானியர் இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதியின் நீள்கால் ஈக்களுக்குத் தனி நூலே எழுதினார். 1994-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் டேனியல் பிக்கல், நான் மேலே சொன்ன சயாபோடினே முழுவதையும் உலக அளவில் சீர்திருத்தி வைத்தார். இவற்றையெல்லாம் படித்து, ஐயம் வரும் இடத்தில் மூல மாதிரியையே வாங்கிப் பார்த்து, எதோடும் பொருந்தவில்லை என்று உறுதியான பிறகே 'புதியது' என்ற சொல்லை எழுதலாம். தரங்கம்பாடியில் பிடித்த ஈ கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் ஈயை அதோடு ஒப்பிட வேண்டுமானால் கதவு தட்ட வேண்டிய இடம் அது. இது எனக்கு வருத்தம் தரும் நிலைதான். ஆனாலும் 200 ஆண்டுகளாக அந்த ஈக்களைக் கெடாமல் காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லவும் வேண்டும்.

டி.என்.ஏ. பார்த்தால் போதாதா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். கனடாவின் பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த பார்கோடு முறையில், ஒரே மரபணுவின் 650 எழுத்துகள் அளவுள்ள துண்டைப் படித்து ஒப்பிடுகிறார்கள். நல்ல துணை அது, குறிப்பாகப் பெண் ஈயை அதன் ஆணோடு சேர்த்துவைக்க. ஆனால் 1805-இல் பெயர் பெற்ற ஈக்குப் பார்கோடு பதிவு இல்லை என்றால், உங்கள் ஈயின் பார்கோடு எதோடும் பொருந்தவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. பழைய பெயரைத்தான் நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஒரு ஈயின் பெயருக்கு இவ்வளவு பாடா என்று தோன்றினால், ஆகாயத்தாமரையைப் பாருங்கள். நம் ஏரிகளை மூடும் அந்தக் களைக்குத் தாயகம் தென் அமெரிக்கா. நீள்கால் ஈக்களில் திரிப்டிகஸ் என்ற பேரினம் மட்டும் விதிவிலக்கு: அதன் புழுக்கள் வேட்டையாடுவதில்லை, செடியின் தண்டைக் குடைகின்றன. அர்ஜென்டினாவில் ஆகாயத்தாமரையைக் குடையும் ஈயை, களையை ஒழிக்க உதவுமா என்று ஆராய்ந்தார்கள். 2004-இல் பிக்கலும் எர்னாண்டஸும் நுணுகிப் பார்த்தபோது, ஒன்றுபோல் தோன்றிய அந்த ஈக்களில் பல இனங்கள் இருந்தன; ஆகாயத்தாமரைக்கு உரியவை வேறு, அதன் உறவுச் செடிகளுக்கு உரியவை வேறு. பெயர் தெரியாமல் ஓர் உயிரை ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்று ஏரிப்பாசனக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, புதியது என்றே முடிவானால்? ஒரே ஓர் ஆண் ஈயை 'மூல மாதிரி' என்று குறிக்க வேண்டும்; சிவப்புச் சீட்டு அதற்குத்தான் போடுவார்கள். அந்த ஈதான் இனி அந்தப் பெயருக்குச் சாட்சி. விவரிப்பு, வரைபடம், மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் எல்லாம் ஆய்விதழில் அச்சாக வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் 'ஸூபேங்க்' பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் கூடுதலாக ஒரு சட்டக் கடமையும் உண்டு: 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அப்படிப்பட்ட காப்பகம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகம். சென்னையில் அதன் தென் மண்டல மையம் இருக்கிறது.

பெயர் வைக்கும் உரிமை விவரித்து எழுதுபவருக்கு. ஊர் பெயரை வைக்கலாம், உங்கள் மகள் பெயரையும் வைக்கலாம், விதியில் தடை இல்லை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை என்றாலும் யாரும் செய்வதில்லை. பிடித்துக் கொடுத்தவரைப் பெயரால் கௌரவிப்பது நல்ல மரபு. காரைக்கால் அருகே குரும்பகரத்தைச் சேர்ந்த சூசைநாதன், பல பத்தாண்டுகள் தென்னிந்தியப் பூச்சிகளைப் பிடித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். 11,000-க்கும் மேற்பட்ட கொசு போன்ற நெட்டைக்கால் ஈக்களுக்குப் பெயரிட்ட அமெரிக்கரான அலெக்சாண்டர் உட்படப் பலர் தங்கள் இனப் பெயர்களில் நாதனைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் இடம்பெற வேண்டிய மனிதர் அவர்.

காலம் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, ஓர் உயிர் முதலில் பிடிபடுவதற்கும் பெயர் பெறுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆவது தெரிந்தது. ஆளில்லாததுதான் பெரிய காரணம். சிங்கப்பூரின் கையகல அலையாத்திக் காடுகளில் பெல்ஜியத்தின் பாட்ரிக் குரூட்டார்ட் குழுவினர் தொடர்ந்து புதிய நீள்கால் ஈக்களை விவரித்து வருகிறார்கள். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் நம்மிடம் இருக்கின்றன. விலங்கியல் படிக்கும் உங்கள் மகள் இந்தக் குடும்பத்தைக் கையில் எடுத்தால் வாழ்நாள் முழுவதும் வேலை இருக்கும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது இது. இந்த ஈயைக் கையாலோ வலையாலோ பிடிப்பது கடினம். ஃப்ளாஷ் அடித்த கணமே பறந்துவிடும். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் விட்டு, காலையில் வெண்டைப் பாத்தியில் வையுங்கள். மஞ்சளுக்கு வந்து விழும். மாலையில் துணியில் வடிகட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் போடுங்கள், டி.என்.ஏ. பார்ப்பதாக இருந்தால் மகளின் கல்லூரியிலிருந்து 95 சதவீத எத்தனால் நல்லது. வயிற்று நுனி உருண்டு அடியில் மடிந்திருந்தால் ஆண். பல ஆண்கள் வேண்டும், ஒன்றிரண்டு பெண்களும் இருக்கட்டும். ஸ்பிரிட்டில் நாளாக ஆக நிறம் மாறும் என்பதால் நீங்கள் எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். இதையெல்லாம் உங்கள் கொல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணாமலையார் மலை போன்ற காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி எதையும் பிடிக்கக் கூடாது.

குப்பிக்கு உள்ளேயே ஒரு சிறு சீட்டு போட வேண்டும். பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தமிழ்நாடு, திருவண்ணாமலை மாவட்டம், கீழ்பென்னாத்தூர், வெண்டைப் பாத்தி, தேதி, பிடித்தவர் பெயர், முடிந்தால் செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. இந்தச் சீட்டு இல்லாத ஈ எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது. குப்பியைச் சென்னை மையத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பெயர் வரும்வரை அந்தக் கிணற்றுமேட்டில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்று வீட்டிலும் பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.