மூன்றரை மில்லிமீற்றர் தந்த பாடம்

கணக்கில் ஒரு ரூபா குறைந்தாலும் கடையைப் பூட்டாமல் தேடுகின்ற நாம், அளவில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கம் என்னிடமும் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையை இந்த வாரம் எழுதுகிறேன். தகடு, இரும்பு, அலுமினியம் சம்பந்தப்பட்ட தொழில் செய்யும் சகோதரர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

2018ஆம் ஆண்டு எங்கள் பட்டறைக்கு 200 தாங்கிகள் செய்யும் ஓடர் ஒன்று கிடைத்தது. மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சுவரில் பொருத்துவதற்கான 'எல்' வடிவத் தாங்கிகள். 2 மில்லிமீற்றர் தகடு. சுவரோடு ஒட்டும் பக்கம் 50 மில்லிமீற்றர், பெட்டியைப் பிடிக்கும் பக்கம் 30 மில்லிமீற்றர். அந்த 30இன் சரி நடுவில், அதாவது சுவரிலிருந்து 15 மில்லிமீற்றரில், 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான 9 மில்லிமீற்றர் துளை.

50உம் 30உம் 80 என்று தகட்டை வெட்டினோம். ஓரத்திலிருந்து 15 அளந்து துளையிட்டோம். 50 மில்லிமீற்றர் பக்கத்தைச் சரியாக வைத்து வளைத்தோம். அனுப்பிய மறுநாளே அத்தனையும் திரும்பி வந்தன. பெட்டியின் துளைக்கும் தாங்கியின் துளைக்கும் மூன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம். போல்ட் நுழையவே இல்லை. வாடிக்கையாளரோடு வாய்த் தர்க்கம் செய்தேன். தகடு கொண்டு வந்தவர்மீது பழி போட்டேன். பிழை எங்களுடையது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் என் தங்கையின் மகன். பொறியியல் பீட மாணவரான அவர், அந்த நாட்களில் ஒரு தொழிற்சாலையில் கைத்தொழில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். இயந்திரங்களில் மோட்டார், உணரி போன்றவற்றைப் பொருத்துவதற்கான தகட்டுத் தாங்கிகளை வரைவதுதான் அங்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தவர், மூலையில் கிடந்த குவியலில் ஒன்றை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "மாமா, வளைவுக்குக் கழிக்கவில்லையா?" என்று கேட்டார்.

தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நெருக்குப்படுகிறது. இடையில் ஒரு கோடு மட்டுமே நீளம் மாறாமல் இருக்கிறது. அந்தக் கோட்டின் நீளத்தைத்தான் வெட்ட வேண்டும். உள்வளைவின் ஆரை 2 மில்லிமீற்றர் என்றால், நேராக இருக்கும் பகுதிகள் 46உம் 26உம். வளைவுக்குச் செல்வது ஏறத்தாழ நாலரை. மொத்தம் எழுபத்தாறரை. நாங்கள் வெட்டியதோ 80. மிஞ்சிய மூன்றரை சிறிய பக்கத்தில் சேர்ந்து, துளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு எங்கே மகன்?" என்றேன். அவர் கணக்கே தேவைப்படாத ஒரு வழி சொன்னார். அதே தகட்டில் சரியாக 100 மில்லிமீற்றர் நீளத் துண்டொன்றை வெட்டி, நடுவில் வளைத்து, இரு பக்கங்களையும் வெளியளவாக அளந்து கூட்டுங்கள். நூறுக்கு மேல் வருவது எவ்வளவோ, அதுவே ஒவ்வொரு வளைவுக்கும் கழிக்க வேண்டிய அளவு. தகடோ வளைக்கும் அச்சோ மாறினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். ஒரு துண்டுத் தகடு, பத்து நிமிடம். அதைச் செய்யாததால் நான் இழந்தது 200 தாங்கிகளின் கூலி.

படித்த பிள்ளை என்பதால் அவர் பிழை விடாதவர் என்று எண்ண வேண்டாம். அவர் கணினியில் வரைந்த முதலாவது தாங்கி பார்வைக்கு அழகாக இருந்ததாம். தகடு வளைக்கும் பாஸிடம் கொண்டுபோனபோது, "துளை வளைவுக்குக் கிட்ட இருக்கிறது, வளைத்தால் முட்டை வடிவாகிவிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திருத்திக் கொண்டுபோனபோது, பொருத்துபவர் கேட்டது வேறு: "இந்த நட்டை இறுக்க ஸ்பேனர் எந்தப் பக்கத்தால் போகும்?" அதன் பிறகு, வரைந்ததைக் காட்போட் மட்டையில் வெட்டி மடித்து அந்த இருவரிடமும் காட்டிய பின்னரே தகட்டில் கைவைப்பாராம்.

அவருடைய பயிற்சிக் குறிப்புகளிலிருந்து நமக்குத் தேவையான சில:

1. துளையின் விளிம்புக்கும் வளைவுக்கும் இடையில், தகட்டின் தடிப்பைப் போல் இரண்டரை மடங்கும் வளைவின் ஆரையும் சேர்ந்த தூரமாவது இருக்கட்டும். 2 மில்லிமீற்றர் தகட்டுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்.

2. இரண்டு துளைகள் இருந்தால் ஒன்றை வட்டமாகவும் மற்றதை நீள்துளையாகவும் வெட்டுங்கள். சுவரும் பெட்டியும் ஒருபோதும் வரைபடம் போல் இருப்பதில்லை.

3. 8 மில்லிமீற்றர் போல்ட்டின் நட்டுக்கு 13 ஸ்பேனர் வேண்டும். அது நுழைந்து திரும்ப இடம் விடுங்கள்.

4. தாங்கி ஆடினால் உடனே தடித்த தகட்டுக்குப் போக வேண்டாம். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு 1 மில்லிமீற்றர் தடிப்பில் 7.85 கிலோ, 2 மில்லிமீற்றரில் 15.7 கிலோ. கிலோவுக்குத்தான் காசு கொடுக்கிறோம். பல இடங்களில் ஓரத்தைச் சிறிது மடித்துவிட்டாலே மெல்லிய தகடு உறுதியாக நிற்கும்.

5. முதலில் ஒன்றே ஒன்று செய்து, அதைப் பொருத்த வேண்டிய இடத்திலேயே பொருத்திப் பார்த்து, வாடிக்கையாளரின் கையொப்பம் பெற்ற பின்னர் மிகுதியைத் தொடங்குங்கள்.

திரும்பி வந்த 200ஐயும் துளையை நீட்டிக் கொடுத்தேன். இலாபம் போனது. ஆனால் நான் தர்க்கம் செய்த அந்த வாடிக்கையாளரிடம் நேரில் போய், பிழை எங்களுடையதுதான் என்று சொன்னேன். அவர் அடுத்த ஓடரையும் எனக்கே தந்தார். அதில் முதலில் அனுப்பியது ஒரேயொரு மாதிரி.

நமது பிள்ளைகள் பயிற்சிக்குப் போய் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். இன்று என்ன பிழை விட்டாய், யார் திருத்தினார் என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் நமது பட்டறைக்கும் ஒரு பாடம் இருக்கும்.