தோட்டத்திற்கு வந்த நாய்: உழவர் செய்ய வேண்டியவை

விடியற்காலையில் மோட்டார் போடச் செல்லும் உழவர், பம்பு செட் அறையின் ஓரத்தில் முன்பின் பார்த்திராத நாய் ஒன்று சுருண்டு படுத்திருப்பதைக் காண்பது புதிதன்று. சிலர் அதைக் கல்லெறிந்து விரட்டுகின்றனர். சிலர் மிஞ்சிய சோற்றைப் போட்டுவிட்டு அத்துடன் மறந்துவிடுகின்றனர். இவ்விரண்டுமே சரியான வழியல்ல. விரட்டப்பட்ட நாய் அடுத்தவர் தோட்டத்திற்குச் செல்கிறது. சோறு மட்டும் கண்ட நாய் தடுப்பூசியும் கருத்தடையும் இன்றி அங்கேயே குட்டி போட்டுப் பெருகுகிறது.

இதன் விளைவை ஆடு வளர்ப்போர் நன்கு அறிவர். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால், 2024, 2025-ஆம் ஆண்டுகளில் உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராட நேர்ந்தது. எனவே, வந்த நாயை என்ன செய்வது என்பதை முதல் சில நாட்களிலேயே முடிவு செய்வது நல்லது.

முதலில் எட்ட நின்று பாருங்கள்

புதிய நாயைத் தொடுவதற்கு முன் வெறிநோய் அறிகுறிகள் உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும். காரணமின்றிப் பாய்தல், கண்டதைக் கடித்தல், குரைக்கும் குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், கீழ்த்தாடை தொங்குதல், பின்னங்கால் தள்ளாடுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகளாகும். எல்லா வெறிநாயும் சீறிப் பாயும் என எண்ண வேண்டாம். சில நாய்கள் இருட்டில் பதுங்கி, சோர்ந்து கிடக்கும். வாயை மூட முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று கருதி வாய்க்குள் கைவிடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வறிகுறிகள் காணப்பட்டால் குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தி, ஊராட்சி அலுவலகத்திற்கும் கால்நடை மருந்தகத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். நாயை நீங்களே பிடிக்க முயல வேண்டாம்.

உடையவர் உண்டா?

கழுத்துப்பட்டையோ, சங்கிலித் தழும்போ உள்ள நாயும், அழைத்தால் வாலாட்டி வரும் நாயும் வழிதவறி வந்தவையாக இருக்கலாம். திருவிழா வேட்டுச் சத்தத்திற்கு மிரண்டு பல கல் தொலைவு ஓடிவிடும் நாய்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் போன்ற நம் நாட்டு இனங்கள் இன்று நல்ல விலை பெறுவதால், கிடைத்ததைச் சத்தமின்றிக் கட்டிவைத்துக்கொள்ளும் ஆசையும் எழக்கூடும்.

ஆனால் உடையவர் உள்ள நாய் சட்டப்படி அவருடைய சொத்தாகும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்திருப்பவர், அதை ஒப்படைக்கப்பட்ட பொருளைப்போலவே கவனத்துடன் காக்கக் கடமைப்பட்டவர். 168-ஆம் பிரிவின்படி, உடையவரைத் தேடவும் பொருளைக் காக்கவும் ஆன செலவைப் பெறும்வரை அதைத் தம்மிடம் நிறுத்திவைத்துக்கொள்ளலாம். செலவைக் கேட்டு வழக்குப் போட மட்டும் இயலாது. உடையவரைத் தேடாமல் நேர்மையற்ற எண்ணத்துடன் வைத்துக்கொள்வதோ விற்பதோ, பாரதிய நியாய சம்ஹிதையின் 314-ஆம் பிரிவின்படி குற்றமாகலாம்.

ஆகவே டீக்கடை, பால் சொசைட்டி, வாரச்சந்தை ஆகிய இடங்களில் சொல்லி வையுங்கள். நாயின் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்திருந்து, தேடி வருபவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. காவல் நிலையத்திலும் தெரிவித்துவிட்டால் பின்னர் வழக்கு, வம்பு எழாது.

நஞ்சு வைப்பது கூடாது

ஆட்டை இழந்த கோபத்தில் குருணை மருந்தைக் கறியில் கலந்து வைப்போர் உண்டு. நாயைக் கொல்வதோ நஞ்சிடுவதோ பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகலாம். சட்டம் ஒருபுறமிருக்க, அந்தக் கறியைத் தின்பது எந்த நாய் என்று நாம் தீர்மானிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும், காக்கையும், கீரியும் சாகக்கூடும். விளையாடும் குழந்தையின் கைக்கும் அது எட்டலாம்.

வண்டியில் ஏற்றி அயலூரில் விட்டு வருவதும் தீர்வாகாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகக் கூறுகிறது.

ஊராட்சியின் பொறுப்பு

உடையவரற்ற நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த பகுதியிலேயே விடும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் திரும்ப விடலாகாது என 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே ஊராட்சியில் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். நாய் கடித்து ஆடு இறந்தால், புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்துச் சான்று பெற்றுக்கொள்வது நலம்.

வைத்துக்கொள்ள முடிவு செய்தால்

உடையவர் வரவில்லை, நாயும் சாதுவாக உள்ளது எனில் தோட்டக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது அதை முழுமையாகவே ஏற்க வேண்டும். உங்கள் கவனக்குறைவால் அது பிறரைக் கடித்தால், 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

1. கால்நடை மருந்தகத்தில் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் மறு ஊசி போடவும். குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசி போட வேண்டும்.

2. நோய்க்கிருமி புகுந்து அறிகுறி தோன்றச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். எனவே ஊசி போட்ட பின்னும் சில மாதங்கள் குழந்தைகளிடம் விடாமல் தனியே கட்டிக் கவனிக்கவும்.

3. கருத்தடை செய்விக்கவும்.

4. மருத்துவர் கூறும் இடைவெளியில் குடற்புழு நீக்கம் செய்யவும். வெட்டிய ஆட்டின் தலை, குடலைப் பச்சையாகப் போட வேண்டாம். அவற்றின் மூலம் நாய்க்கு நாடாப்புழு ஏற்பட்டு, அதன் முட்டைகள் மேய்ச்சலில் கலந்து ஆடுகளுக்குத் தலைச்சுற்றல் நோய் வரும்.

5. இரவில் அவிழ்த்து ஊர் சுற்ற விட வேண்டாம்.

கடித்துவிட்டால்

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் தடவலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசியை உடனே தொடங்கிவிட்டு, கடித்த நாயை 10 நாட்கள் கட்டிக் கவனிக்க வேண்டும். நாய் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் எனக் காத்திருப்பது தவறு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பழைய அச்சமும் வேண்டாம். இன்றைய ஊசி கையில் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் கடிபட்டவர் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் 4 முறை சென்றால் போதும். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து செலுத்துவர். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது என்பதால் ஒரு தவணையும் தவறலாகாது. கடிபட்ட ஆடு மாடுகளுக்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி தாமதமின்றி ஊசி போட வேண்டும்.

எனவே உழவர் பெருமக்கள், வந்த நாயை உடையவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது முழுப் பொறுப்புடன் தாமே வளர்க்க வேண்டும். சோறு மட்டும் போட்டு அரைகுறையாக வைத்திருப்பதைத் தவிர்த்தால் பட்டியும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கலாம்.