மாற்றுச் சொல் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆங்கில நாளிதழில் நிருபராகச் சேர்ந்ததிலிருந்து நீ எழுதிய செய்திகளை உன் அப்பா அனுப்பிவைத்தான். ஒன்று விடாமல் படித்தேன். விவரம் திரட்டுவதில் உன்னைக் குறை சொல்ல இடமில்லை. நீதிமன்றச் செய்திகளை நீயே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்பதில் எனக்குப் பெருமை. பல காலம் செய்தி மேசையில் உட்கார்ந்து பிறர் எழுத்தைத் திருத்தியவன் என்ற உரிமையில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒரே சொல் இரண்டு முறை வந்துவிடக் கூடாது என்ற பயம் உன் எழுத்தில் இருக்கிறது. அந்தச் சங்கிலிப் பறிப்புச் செய்தியைப் பார். முதல் பத்தியில் 'தெஃப்ட்' என்கிறாய், அடுத்ததில் 'ராபரி', கடைசியில் 'டெக்காய்ட்டி'. பள்ளிக் கட்டுரையில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். சட்டத்திலோ இவை மூன்று வெவ்வேறு குற்றங்கள். ஒருவர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பது தெஃப்ட். அப்படி எடுப்பதற்காக அடித்தாலோ, அந்த இடத்திலேயே தாக்கப்போவதாக மிரட்டினாலோ அது ராபரி. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ராபரியில் இறங்கினால்தான் டெக்காய்ட்டி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 303, 309, 310 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. பறிப்புக்கென்றே 'ஸ்னாட்சிங்' என்ற பெயரில் 304ஆம் பிரிவும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. உன் செய்தியில் பைக்கில் வந்தவர்கள் இரண்டு பேர். அது எப்படி டெக்காய்ட்டி ஆகும்? எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குரிய சொல்லை எழுது. செய்தி முடியும்வரை அதே சொல் வரட்டும்.

திரும்ப வருவதற்கு அஞ்சி வேறு சொல் தேடும் இந்தப் பழக்கத்துக்கு ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலிலேயே 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயர் வைத்துக் கண்டித்துவிட்டார்கள். சொல் மாறினால் விஷயமும் மாறிவிட்டது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். உன் செய்தியைப் படித்தவர் மூன்று சம்பவங்கள் நடந்ததாக நினைத்தால் தவறு அவர்மீது இல்லை.

பெயர்ச்சொல்லைவிட ஆபத்தானது வினைச்சொல். ஒருவர் பேசியதை எழுதும்போது 'செட்' (said) என்ற எளிய சொல் உனக்குச் சலித்துவிடுகிறது. அதனால் காவல் ஆய்வாளர் 'ரிவீல்டு', புகார் கொடுத்த பெண் 'கிளெய்ம்டு', பிடிபட்ட இளைஞர் 'அட்மிட்டட்' என்று போகிறது. 'செட்' யார் பக்கமும் சாயாது. 'ரிவீல்டு' என்றால் மறைந்திருந்த உண்மையை வெளியிட்டார் என்று ஆகிறது. ஆய்வாளர் சொன்னது உண்மை என்று நீயே சான்று கொடுத்துவிட்டாய். 'கிளெய்ம்டு' என்றதும் அந்தப் பெண் சொல்வது சந்தேகத்துக்குரியது என்ற நிழல் விழுகிறது. 'அட்மிட்டட்' என்றால் இளைஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே வாசகர் முடிவு கட்டுவார். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு; பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவாக இருந்தது. நீதிமன்றமே ஏற்காததை நாம் ஒற்றை வினைச்சொல்லில் ஏற்றுக்கொள்ளலாமா?

இன்னும் இரண்டு இடங்களைக் குறித்துவைத்தேன். வழக்கறிஞர் குற்றச்சாட்டை 'ரெஃப்யூட்டட்' என்று எழுதியிருக்கிறாய். ஆதாரம் காட்டிப் பொய் என்று நிரூபித்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். அவர் செய்தது வெறும் மறுப்பு. அதற்கு 'டினைடு' போதும். இன்னொரு செய்தியில், குற்றச்சாட்டு பதிவாவதற்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவரை 'அக்விட்டட்' என்று போட்டுவிட்டாய். அது 'டிஸ்சார்ஜ்டு'. விசாரணை முழுவதும் நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால்தான் 'அக்விட்டல்'. அப்படி விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ் நாளிதழ்களும் விடுவிப்பு, விடுதலை என்று இந்த வேறுபாட்டைக் காக்க முயல்வதை நீ கவனித்திருப்பாய்.

பொருள் சரியாக இருந்தாலும் வாக்கியத்தில் உட்காராத சொல் உண்டு. 'செட்' என்பதற்குப் பின் 'தட்' போட்டு நேரே விஷயத்துக்குப் போகலாம். 'இன்ஃபார்ம்டு' அப்படி வராது. யாருக்குத் தெரிவித்தார் என்பது அதன் பின்னாலேயே வர வேண்டும். நம் ஊர் ஆங்கிலச் செய்திகளில் 'தி மினிஸ்டர் இன்ஃபார்ம்டு தட்' என்று அடிக்கடி பார்ப்பாய், அதைப் பின்பற்றாதே. அதுபோல 'டாக்' உடன் 'அபவுட்' வரும். 'டிஸ்கஸ்' உடன் வராது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், அந்த வாக்கியத்தை மறுபடியும் முழுதாகப் படித்துப் பார்.

இத்தனை சொற்கள் ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்பாய். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. கல்வி வழியாக லத்தீன் சேர்ந்தது. பழைய ஆங்கிலச் சொல்லும் போகவில்லை. 'ஆஸ்க்' மண்ணின் சொல், 'க்வெஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' லத்தீனிலிருந்து வந்தது. மூன்றும் தங்கியதால் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. சாட்சியை அழைத்து நாலு கேள்வி கேட்டதை 'இன்டெராகேட்டட்' என்று எழுதினால், அவரைச் சந்தேகத்துக்குரியவராக நிறுத்திவிட்டாய் என்று பொருள்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கருத்துகளின் வரிசையில் சொற்களைத் தொகுத்த நூல் அது. நாவில் நிற்கும் சொல் நினைவுக்கு வராதபோது உதவும். ஆனால் அது பொருள் விளக்கம் தருவதில்லை. அதில் கண்டெடுத்த சொல்லை உடனே செய்தியில் வைக்காதே. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற அகராதியைத் திறந்து, விளக்கத்தையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படி. சொல்லோடு சேர்ந்து எந்த இடைச்சொல் வருகிறது என்பதும் அங்கேயே தெரியும்.

செய்தியை மேசைக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய். மனிதர்களின் பெயரோடு சேர்ந்து வரும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆரிலோ குற்றப்பத்திரிகையிலோ தீர்ப்பிலோ உன் குறிப்பேட்டிலோ ஆதாரம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் 'செட்' என்று மாற்றிவிடு. அவசரத்தில் எழுதும் நாளில் இதை விடவே கூடாது. நம் செய்தியில் பெயர் வந்த எளிய மனிதருக்கு மறுப்பு வெளியிட வசதியோ வழியோ இருக்காது. நாம் போடும் சொல்லோடுதான் அவர் தன் தெருவில் நடமாட வேண்டும். அவருக்குச் செய்யும் நியாயம் உன் சொல் தேர்விலிருந்தே தொடங்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

ஆசிகளுடன்,
பெரியப்பா