கம்பி தெரியாத ரயில்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ போனில் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒண்ணுமில்ல பெரியப்பா, டயர்டா இருக்கு" என்று தொண்டையை அடக்கிக்கொண்டு சொன்னாயே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. ஷூட்டிங்கில் யாரோ உன்னைப் பட்டினி போட்டுவிட்டார்கள் என்று உன் பெரியம்மா முடிவே கட்டிவிட்டாள். யார் போட்டது? பசியாறாமல் ஒரு பொட்டலம் மைலோவோடு நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் நின்றவள் நீதானே!

சரி, நடந்ததைப் பார்ப்போம். உன் கதையில் எண்பதுகளில் ஒரு பையன் தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூர் வேலைக்கு ரயில் ஏறுகிறான். சிகாமட் ஸ்டேஷனில் எடுத்துவிடலாம் என்று கூட்டாளிகளோடு வந்து இறங்கினாய். நீ சின்ன வயதில் பார்த்த ஸ்டேஷனா அது? ரெட்டைத் தண்டவாளம் போட்டு, தலைக்கு மேலே மின்கம்பி இழுத்து, 2025 மார்ச்சில் மின்ரயிலும் இங்கே வரை வந்துவிட்டது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கம்பி. போதாததற்கு மழை. அப்பாவாக நடிக்க வேண்டியவரும் வரவில்லை. முதல் வாரமே ஒரு நடை வந்து இடத்தைப் பார்த்திருக்கலாம். டிக்கெட்டுக்குக் காசில்லை என்றால் பெரியப்பாவிடம் கேட்க என்ன வெட்கம்? திட்டவில்லை, அடுத்த படத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.

இப்படி உனக்கு மட்டும் நடக்கவில்லை. சத்யஜித் ராய் தன் ஷூட்டிங் பாடுகளைப் பிள்ளைகளுக்கென்றே எழுதி வைத்திருக்கிறார். 'பதேர் பாஞ்சாலி'யை 1952 அக்டோபரில் தொடங்கினார். அப்புவும் துர்காவும் நாணல் பூத்த வெளியில் ரயில் பார்க்கிற காட்சியில் பாதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு போனால் பூவே இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டன. மறுபடி பூக்கும்வரை ஒரு வருஷம் காத்திருந்தார் மனிதர். அதே படத்தில் மிட்டாய்க்காரராக நடித்தவர் பாதியில் இறந்துபோனார். அதற்கு எத்தனை வருஷம் காத்திருந்து என்ன பயன்? உடம்புவாகில் அவரைப்போலவே இருந்த இன்னொருவரைக் கொண்டுவந்து முதுகுப் பக்கமாக எடுத்து முடித்தார். இன்னொரு காட்சியில் ஒரு நாய் பிள்ளைகளின் பின்னால் வர மறுத்ததாம். துர்காவின் கையில் சந்தேஷ் இனிப்பைக் கொடுத்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். நாய் ஏன் வராது?

எனக்கு இதில் பிடித்தது அவருடைய சாமர்த்தியம்கூட இல்லை. பூவுக்குப் பதில் வேறொன்றை வைக்க முடியாது, முதுகுக்கு வைக்கலாம் என்று தெரிந்து வைத்திருந்தாரே, அதுதான். உன் காட்சியில் பூ எது? ரயில் இல்லை, குட்டிம்மா. ரயில் நகர்ந்த பிறகும் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த அப்பாவின் முகம். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். வராதவர் மேல் கோபப்படாதே. அவருக்கு என்ன கஷ்டமோ, கேள்; அவருக்குத் தோதான நாளை வைத்துக்கொள்.

ரயிலைக் காதால் காட்டு. கிம்மாஸ் இங்கிருந்து பக்கம்தான். அங்கே பிரிந்து தும்பாட் போகிற கிழக்குக்கரைப் பாதையில் இன்னும் கம்பி கிடையாது, டீசல்தான் ஓடுகிறது. ஒரு காலை போய் அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணு, நான் காரில் கூட்டிப் போகிறேன். முகத்தை நம் பழைய கடைவரிசை மரத்தூண் ஓரத்தில் எடுக்கலாம். தோட்டத்துத் திருவிழா நாடகங்களுக்கு விளக்குப் பிடித்தவன் நான், ஒன்று சொல்கிறேன். நீள அட்டையில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, விளக்குக்கு முன்னால் ஓட்டினால் முகத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடும். பெட்டிகள் கடந்து போகிற மாதிரியே இருக்கும். நம் மலேசியத் தமிழ்ப் படங்களான, 2005இல் வந்த 'செம்மண் சாலை'யும், நீ சுவரில் ஒட்டி வைத்திருக்கிற 'ஜகாட்'டும் கழிந்துபோன காலத்தைத்தானே காட்டின? பெரிய காசு கொட்டியா காட்டினார்கள்?

மழைக்கு நேற்றே ஒரு வழி யோசித்தேன். ஆரம்பத்திலேயே தரையில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடு. நடுவில் தூறினாலும் முன்னே எடுத்ததும் பின்னே எடுத்ததும் ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து வெளிச்சம் விழாவிட்டால் தூறல் கேமராவில் லேசில் தெரியாது என்று உன் கேமராத் தம்பியே சொன்னானே. ஆனால் முக்கியமான ஷாட்டை அந்திக்கு வைக்காதே. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஏழு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கினால், இருபது நிமிஷத்தில் இருட்டிவிடும்.

இனி கணக்கெழுதும் கிராணி புத்தியில் கொஞ்சம், சிரிக்காமல் படி. எடுத்து முடித்த கார்டில் அங்கேயே பெயரும் தேதியும் ஒட்டு, ராத்திரி இரண்டு இடத்தில் பிரதி எடுக்காமல் படுக்காதே. சட்டை மடிப்பு, பொட்டலம் எந்தக் கையில் என்பதையெல்லாம் போனில் படம் பிடித்து வை. கிளம்புமுன் எல்லாரையும் வாய் மூடச் சொல்லி அந்த இடத்தின் சும்மா இருக்கிற சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணு, வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும். கடைக்காரரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கு. நாற்காலியை எடுத்த இடத்தில் போடு. நன்றி சொல்ல ஆளை அனுப்பாதே, நீயே போ. இந்த ஊரில் அடுத்த வருஷமும் நீ படம் எடுக்க வேண்டுமே.

எத்தனை பேர் வருகிறீர்கள், யார் சைவம் என்று வியாழனுக்குள் சொல்லிவிடு. பெரியம்மா கோழிக்குச் சொல்லி வைக்கவேண்டுமாம். பசியாறிய பிறகுதான் கேமராவைத் தொட விடுவாளாம், அதை உன் கூட்டாளிகளிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா